அமெரிக்க நிறுவனங்களின் எழுச்சி, வீழ்ச்சிகளில் எதிலிருந்து அதிகம் கற்றுக்கொள்ளலாம்?

பெரும்பாலும் கோடாக்கைத்தான் சொல்வார்கள். நான் சியர்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்தைச் சொல்வேன். காலம் மாறும்போது எப்படி மாறவேண்டும் என்று ஒருமுறை அருமையாகச் செய்துகாட்டிவிட்டு, அடுத்தமுறை கோட்டைவிட்ட நிறுவனம் அது.

1886இல் மினசோட்டாவில் ரயில் நிலைய ஏஜென்டாக இருந்த ரிச்சர்ட் சியர்ஸ், உள்ளூர் நகைக்கடைக்காரர் வேண்டாமென்று சொன்ன ஒரு பெட்டி கடிகாரங்களை வாங்கி மற்ற ஏஜென்டுகளிடம் விற்றார். அப்புறம் வந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற கேட்லாக், அதாவது பார்த்துத் தபாலில் ஆர்டர் செய்வதற்கான பொருள் பட்டியல் புத்தகம். தையல் மெஷின், கலப்பை, துணிமணி, 1908 முதல் வீடே கிடைத்தது: மரச்சட்டங்கள், ஆணி, பெயின்ட் எல்லாம் ரயிலில் வந்து இறங்கும், நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை கறுப்பின மக்கள் கடையில் காத்து நிற்கவேண்டியிருந்த காலத்தில், தபாலில் மரியாதையாக வாங்க அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. இதற்காகவே எனக்கு அந்த கேட்லாக் மேல் தனி மதிப்பு.

1924இல் சியர்ஸில் நிர்வாகியாகச் சேர்ந்த ராபர்ட் வுட், அரசின் மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களை விரும்பிப் படிப்பவர். கிராமத்து ஜனங்கள் நகரத்துக்குப் போகிறார்கள், கார் வாங்குகிறார்கள், இனி தபாலை மட்டும் நம்ப முடியாது என்று புரிந்துகொண்டு, மறுவருடமே சிகாகோவில் முதல் கடையைத் திறந்தார். கேட்லாக் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே எடுத்த முடிவு இது.

1981இல் பாருங்கள். வால்மார்ட் ஊர் ஊராகக் கடை திறந்துகொண்டிருந்த நேரத்தில், சியர்ஸ் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தையும் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தையும் வாங்கியது. கடையைக் கவனிக்க வேண்டியவர்களின் கவனம் வேறெங்கோ போய்விட்டது.

1993இல் பெரிய கேட்லாக்கை மூடினார்கள், மறுவருடம் அமேசான் பிறந்தது. இதுதான் சியர்ஸ் செய்த பெரிய முட்டாள்தனம் என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. அப்போது கேட்லாக் நஷ்டத்தில்தான் ஓடியது. சரிவு அதற்குப் பல வருடங்கள் முன்பே, கடைக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

2005இல் சியர்ஸை கேமார்ட் என்ற இன்னொரு கடைச் சங்கிலியோடு இணைத்த முதலீட்டாளர் எட்டி லாம்பர்ட் காலத்தில், சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க பல நூறு கோடி டாலர் போனது, கடைகளோ பராமரிப்பில்லாமல் பழசாகிக் கிடந்தன. 2018 அக்டோபரில் திவால் மனு போட்டார்கள். ஊழியர்களின் ஓய்வூதியப் பொறுப்பை அடுத்த வருடம் அரசின் காப்பீட்டு அமைப்புதான் ஏற்கவேண்டி வந்தது.