வாசகர் கேள்வி: மேய்ச்சல் நிலம் ஏன் மொட்டையாகிறது?

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற ஐந்து ஏக்கரில் ஆறு மாடுகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறேன். முழங்கால் உயரம் புல் நின்ற நிலம் இப்போது மொட்டையாகிவிட்டது. நிழல் மரத்தடியிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் மண் இறுகி மழைநீர் தேங்குகிறது. மற்ற இடங்களில் தொட்டாற்சிணுங்கியும் லாலாங்கும் படர்கின்றன. மாடுகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். உழுது யூரியா போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

- வாசகர், நிபோங் திபால்

பதில்: இரண்டையும் சற்று ஒத்திப்போடுங்கள். நல்ல புல் நிற்குமானால் ஐந்து ஏக்கருக்கு ஆறு மாடுகள் பெருஞ்சுமை அல்ல. அவை ஆண்டு முழுவதும் எல்லா இடத்திலும் விருப்பம்போல் திரிவதுதான் சிக்கல். மேய்ந்த இடத்தில் சில நாட்களில் எழும் இளந்துளிர் மாட்டுக்கு மிகவும் பிடிக்கும் என்பதால், பக்கத்தில் முற்றிய புல் நின்றாலும் அந்தத் துளிரைத் தேடி வந்து மறுபடியும் கடித்துவிடும். இலையை இழந்த புல், தண்டின் அடியிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்தே துளிர்க்கிறது. அந்தச் சேமிப்பு நிரம்புவதற்குள் மீண்டும் மீண்டும் கடிபட்டால் வேர் குறுகிப்போகிறது. இலையில் பாதியை மட்டும் எடுத்தால் வேரின் வளர்ச்சி பெரும்பாலும் தடைபடுவதில்லை. ஐந்தில் நான்கு பங்கை எடுத்தால் அது பல நாட்கள் அடியோடு நின்றுவிடுகிறது. வேர் குறுகினால் மண்ணுக்குள் மக்கும் பொருள் குறையும், மண்புழு குறையும், நீர் இறங்கும் துளைகள் குறையும். மாடு தொடாத தொட்டாற்சிணுங்கிக்கும் முற்றிய லாலாங்குக்கும் அந்த வெற்றிடமே வசதி. நம்புவதற்குக் கடினமாக இருந்தால், வேலி ஓரத்தில் மாடு எட்டாத இடத்தில் ஒரு குழியும் மொட்டைத் தரையில் ஒரு குழியும் தோண்டி, வேர்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

நிலத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு நாட்கள் மேய்த்தால் ஒவ்வொரு பகுதிக்கும் 28 நாட்கள் ஓய்வு கிடைக்கும். சூரிய ஒளியில் இயங்கும் ஒற்றைக் கம்பி மின்வேலியே இதற்குப் போதும். செம்பனைக்கு அடியில் மாடு மேய்ப்பவர்கள் கம்பியை இடம் மாற்றி மாற்றிக் கட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆயினும் நாட்காட்டியைவிடப் புல்லையே நம்புங்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் பினாங்கில் புல் விரைவில் தேறிவிடும். மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஓய்வை நீட்டி, பற்றாக்குறைக்கு நேப்பியர் புல்லை அறுத்துப் போடுங்கள். அதற்காக இரண்டு மாதம் விட்டுவைப்பதும் தவறு. தண்டு முற்றிப் புரதம் குறைந்த புல்லை மாடு மிதித்துத்தான் வீணாக்கும்.

மண் சேறாக இருக்கும் நாட்களில் மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டுங்கள், ஏனெனில் ஈர மண்ணில் பதியும் குளம்பு மண்துளைகளை நசுக்கிவிடும். மாடு தின்ற சத்தில் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் நிலத்துக்கே திரும்புகிறது, ஆனால் அது நிழலடியிலும் தொட்டியடியிலும்தான் குவிகிறது. தொட்டியை மாடுகளோடு நகர்த்தினால் யூரியாச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும். உழவு வேண்டவே வேண்டாம். மூடாக்கில்லாத மண்ணை நம் மழை ஒரே நாளில் அரித்துவிடும். சுண்ணாம்பா, உரமா என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வி: அதே புல்வெளியில் ஆடுகளையும் மேய்க்கலாமா?

- வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மேய்க்கலாம், ஆனால் குடற்புழுவுக்கு அஞ்சியே மேய்க்க வேண்டும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் புழுக்கையோடு விழும் முட்டைகள் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே தொற்றும் நிலைக்கு வளர்ந்துவிடுகின்றன. அதே வெப்பத்தில் அந்தக் குஞ்சுப்புழுக்களில் பெரும்பாலானவை ஐந்தாறு வாரங்களில் மடிந்தும்விடுகின்றன. ஆகவே நான்கு நாட்களுக்குள் ஆடுகளை அடுத்த பகுதிக்கு மாற்றி, அவை விட்டுச் சென்ற பகுதியில் அடுத்த முறை மாடுகளை விடுங்கள். ஆட்டுப்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் சரியாக வளர்வதில்லை. விதைத்திருப்பது சிக்னல் புல்லாக இருந்தால் ஆடுகளை அதிலேயே விட்டுவிடாதீர்கள்: அது கல்லீரலைக் கெடுக்கக்கூடும், அப்போது வெயில் பட்ட காதும் முகமும் வீங்கித் தோல் புண்ணாகும். அந்த அறிகுறி தெரிந்தவுடன் ஆட்டை நிழலுக்குக் கொண்டுபோய் வேறு தீவனம் கொடுத்து, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.