உறுமினால் அமுக்கலாமா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை ஆண் நாய்க்குப் பத்து மாதம் ஆகிறது. தின்னும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் கயிற்றை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பாய்கிறது. “உன்னை அடக்கி ஆளப் பார்க்கிறது, கழுத்தைப் பிடித்துத் தரையோடு அமுக்கு” என்கிறார் பெரியப்பா. செய்யலாமா?
– வாசகர், சாத்தூர்

பதில்: செய்யவே செய்யாதீர்கள், தம்பி. 22 வயதில் நான் அதைச் செய்தேன். எங்கள் கன்னி இன நாய் உறுமியபோதெல்லாம் பிடரியைப் பிடித்து மல்லாத்தி, அசையாமல் கிடக்கும்வரை அமுக்கினேன். நான்கே நாளில் உறுமல் நின்றது. ஐந்தாம் நாள், தட்டை எடுக்கக் குனிந்த என் தம்பியைச் சத்தமே இல்லாமல் கடித்தது. உறுமல் அது கொடுத்துவந்த எச்சரிக்கை. அதைத்தான் நான் நிறுத்தியிருந்தேன். தம்பியின் உள்ளங்கையில் தழும்பு இன்றும் இருக்கிறது.

பெரியப்பா சொல்லும் கருத்துக்கு வலுச்சேர்த்தது, 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைப் பதவிக்குப் போட்டியிடுவதாக எழுதிய ஆய்வு. ஆனால் காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் எழுதினார். உங்கள் நாய் பதவிக்குப் போட்டியிடவில்லை. சோறு பறிபோகும் என்று பயப்படுகிறது. ஆறேழு குட்டிகள் ஒரே தட்டில் முட்டிமோதித் தின்ற இடத்திலிருந்து வாங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

தின்னும்போது தட்டைத் தொடாதீர்கள். எட்டடி தள்ளி நடந்து, வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்றைத் தட்டருகே போட்டுவிட்டு, நில்லாமல் போய்விடுங்கள். உங்கள் காலடி கேட்டதும் முகத்தை நிமிர்த்தி வாலைத் தளர்வாக ஆட்டினால், மறுநாள் ஓரடி நெருங்கலாம். தலை தாழ்ந்து, உடல் விறைத்து, விழுங்கும் வேகம் கூடி, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள்.

கயிற்றை இழுப்பது வேறு விஷயம். சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டைக்கு இடமில்லை. ஆனாலும் அந்த ஓட்டம் அதன் காலில் மிச்சமிருக்கிறது. அணில் அசைந்தாலே பாயும். கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். காலையில் வேலியடைத்த இடத்தில் நன்றாக ஓடவிட்டபின் பழக்கினால் சொன்னபடி கேட்கும்.

ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் பல்லையும் காதையும் காட்டுங்கள். வலி இருந்தாலும் நாய் உறுமும். உறுமல் தானாக அடங்கும்வரை குழந்தைகளைத் தட்டின் பக்கம் விடாதீர்கள்.