வளரும் உடலுக்கு எவ்வளவு பளு? – வாசகர் கேள்வி பதில்

பதின்ம வயதினரின் உடற்பயிற்சி குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 15. உடலை வலுப்படுத்த விரும்புகிறேன். ஆனால் இந்த வயதில் பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று அப்பா ஜிம்மில் சேர அனுமதிக்க மறுக்கிறார். அது உண்மையா? எப்படித் தொடங்குவது?

உங்கள் அப்பாவின் அச்சம் பரவலான அச்சம்தான்; அதற்கு ஒரு வேரும் உண்டு. கை, கால்களின் நீண்ட எலும்புகள், அவற்றின் முனைகளுக்கு அருகே உள்ள வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதியில்தான் நீளம் கூடுகின்றன. முற்றிய எலும்பைவிட மென்மையான அந்தத் தட்டு, பெண்களுக்குப் பெரும்பாலும் 13 முதல் 15 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் எலும்பாக மாறி மூடிக்கொள்கிறது. அதில் பலத்த அடிபட்டால் வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும். ஆனால் அத்தகைய அடி கீழே விழுவதாலும், மோதுவதாலும், கண்காணிப்பார் இல்லாமல் தூக்கிய எடை கைநழுவுவதாலும் ஏற்படுவது. முறையாகக் கற்று, அளவான எடையுடன் செய்யும் வலுப் பயிற்சி உயரத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையும், தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் செய்யப்படும் வலுப் பயிற்சி சிறார்க்கும் பதின்ம வயதினர்க்கும் பாதுகாப்பானது என்றே கூறுகிறது. இதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே ஒருமுறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்பது, எலும்பு வளர்ச்சி முடியாத வயதில் வேண்டாம். நண்பர்கள் சூழ்ந்து நின்று உற்சாகப்படுத்தும்போது நடப்பது பெரும்பாலும் அதுதான் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு ஜிம் தேவையில்லை. முதல் சில வாரங்களுக்குத் தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்குதல் போன்று உங்கள் உடல் எடையே பளுவாக அமையும் பயிற்சிகள் போதும். தண்டால் எடுக்கும்போது தலை முதல் குதிகால் வரை ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இடுப்பு தொய்ந்து முதுகு குழியத் தொடங்கினால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது. பத்து எண்ண நினைத்திருந்தாலும் எட்டுதான் கணக்கு. தரையில் சரியாகச் செய்ய வரவில்லையென்றால் சுவரில் கைகளை ஊன்றிச் செய்யுங்கள், பிறகு மேசை விளிம்பில், அதன் பிறகு தரையில். பஸ்கி பழகத் தோள்கள்மீது ஒரு வெறுங்கம்பை வைத்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து யாரையாவது கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்புவதும், முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வதும் செய்யும்போது தெரியாது; படத்தில் தெளிவாகத் தெரியும்.

எடை சேர்க்கும் கட்டம் வந்ததும், 8 முதல் 15 முறை வரை ஒழுங்காகத் தூக்க முடிகிற எடையைத் தேர்ந்தெடுங்கள். கடைசி முறை முடிந்த பிறகும் இன்னும் இரண்டு முறை செய்திருக்கலாம் என்ற தெம்பு மிஞ்ச வேண்டும். அந்த எடையில் 15 முறை எளிதாக வந்த பிறகு 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள், அவை அடுத்தடுத்த நாட்களாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். எடையை உயர்த்தும்போது மூச்சை வெளியே விடுவது எளிய வழக்கம். ஆறு வாரத்தில் கை பருக்கவில்லையே என்று கண்ணாடி முன்னால் நின்று வருந்தவும் வேண்டாம். தொடக்கத்தில் கூடும் வலிமையில் பெரும்பங்கு, நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருப்பது அதற்குப் பின்னால் மெல்ல நடக்கும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 13. பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். இரண்டு மாதங்களாக முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு; தொட்டால் வலிக்கிறது, மண்டியிட்டு உட்கார முடியவில்லை. விளையாட்டை நிறுத்திவிடலாமா?

நீங்கள் விவரிப்பது ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்னும் நிலையைப் போல இருக்கிறது. 1903-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவரும் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஒருவரும் தனித்தனியே விவரித்ததால் இருவர் பெயரும் அதற்கு நிலைத்துவிட்டன. வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில், தொடையின் முன்புறத் தசை முழங்கால் சில்லின் வழியாகத் தன் தசைநாரால் முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் மேல்முனையை இழுக்கிறது. ஓட்டம், தாவல், உதைத்தல் என்று அந்த இழுப்பு நாள்தோறும் ஆயிரம் முறை நிகழும்போது, இன்னும் முற்றாத அந்த இடம் புண்பட்டுப் புடைக்கிறது. கட்டை விரலால் சரியாக அந்தப் புடைப்பை அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். சில்லின் மேற்புறத்தில் வலி இருக்காது.

அடியோடு நிறுத்துவது பெரும்பாலும் தேவைப்படாது, குறைப்பது தேவை. வாரத்தில் ஐந்து நாள் ஆடுகிறவன் சில வாரங்களுக்கு இரண்டு அல்லது மூன்று நாளாகக் குறைத்து, மற்ற நாட்களில் நீந்தலாம் அல்லது வலிக்காத அளவுக்கு மிதிவண்டி ஓட்டலாம். ஆடிய பின் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைப்பது வலியைத் தணிக்கும். ஆடும்போது லேசாக இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும் வலி பொறுக்கத்தக்கது. நொண்ட வைக்கும் வலியும் மறுநாளும் தங்கும் வலியும், அளவு மீறியதைச் சொல்பவை. வளர்ச்சி முடிவடையும்போது இந்நிலை பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். புடைப்பு மட்டும் சிலருக்கு எஞ்சலாம்.

ஆயினும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது ஆகியவை இருந்தால் தாமதிக்கவே கூடாது. இந்த வயதில் இடுப்பு மூட்டின் வளர்ச்சித் தட்டு நழுவும்போது அந்த வலி முழங்காலில் மட்டுமே தெரிவதும் உண்டு. ஆகவே நொண்டியபடி நடக்கும் பிள்ளையின் முழங்காலோடு இடுப்பையும் பரிசோதித்தார்களா என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும்? வயது 14.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைவு வேண்டும். வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி அதில் சேர வேண்டும். விளையாட்டு, மிதிவண்டி, வேகநடை எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும். ஒரு விளையாட்டில் தீவிரப் பயிற்சி பெறுபவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு எடுக்க வேண்டும். இரவில் 8 முதல் 10 மணி நேர உறக்கமும் பயிற்சியின் பகுதிதான்.

கேள்வி: நான் 16 வயதுப் பெண். நீண்ட தூர ஓட்டக்காரி. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று உணவைக் குறைத்தேன். முதலில் நேரம் குறைந்தது உண்மை. இப்போது நான்கு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை, கணைக்கால் எலும்பில் ஓரிடத்தில் வலி. பயிற்சியாளர், ஓட்டக்காரிகளுக்கு இது வழக்கம் என்கிறார்.

வழக்கமாக நிகழ்கிறது என்பதால் அது இயல்பாகிவிடாது. பயிற்சியில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு வராதபோது, உடல் உடனடித் தேவை இல்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் நிற்பது அவற்றுள் ஒன்று. அதனுடன் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தளர்கிறது. வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்க்கப்படுவதால், உங்கள் வயதில் இது சிறு இழப்பாகாது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலைக்கு விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று பெயரிட்டது, ஆண்களுக்கும் இது வரும் என்பதையும் சேர்த்தே.

விரல் நுனியால் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்ட முடிகிற கால் எலும்பு வலி, அழுத்தத்தால் ஏற்படும் நுண்முறிவாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை ஓடாதீர்கள். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். மாதவிடாய் நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அதையும் அவரே ஆராய வேண்டும். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். முதலில் கிடைத்த வேகம் கடனாக வந்தது.

கேள்வி: புரதப்பொடி சாப்பிடாமல் தசை வளராதா?

வளரும். அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி 14 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.85 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 51 கிராம். கடும் பயிற்சி செய்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும், வேளை தவறாத முறையான உணவிலேயே அது கிடைத்துவிடும். விரைவாகப் பருக்கும் என்று யாரேனும் தரும் மாத்திரையையும் ஊசியையும் தொடாதீர்கள். ஸ்டீராய்டு வகைகள் வளர்ச்சித் தட்டை உரிய காலத்துக்கு முன்பே மூடிவிடும். முதல் கடிதத்தில் அந்த அப்பா இரும்பைக் கண்டு அஞ்சிய ஆபத்து உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை மயங்கி விழுந்தேன். தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. பயப்பட வேண்டுமா? வயது 17.

அடுத்த முறை ஓடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஓட்டத்தின் நடுவே வரும் மயக்கமும் நெஞ்சு வலியும் இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கக்கூடும், இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர்கள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வுக்காக ஒன்றரை மாதம் பயிற்சியை விட்டுவிட்டேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். மூச்சுத் திறன் இரண்டு மூன்று வாரங்களிலேயே குறையத் தொடங்கும். தசை வலிமை அதைவிட மெல்லக் குறையும், விரைவில் திரும்பவும் வரும். விட்ட இடத்திலிருந்தே தொடங்கினால்தான் சிக்கல். முதல் வாரம் பழைய எடையிலும் பழைய தூரத்திலும் பாதி மட்டும் செய்யுங்கள். முதல் நாளுக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தசைகள் கடுக்கும். அது தானாகத் தணியும். தணிந்த பிறகு அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். மூட்டுக்குள் குத்தும் வலி இருந்தால் மட்டும் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.