கறுப்புப் பட்டையை விரட்டலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரிய டிவி வாங்கியும் ப்ளூரே படங்கள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடுதான் வருகின்றன. டிஸ்க்கில் கோளாறா?

கோளாறு ஏதுமில்லை. டிவித் திரை 16:9, அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.78. சினிமாஸ்கோப் படத்தின் அகலமோ 2.39. 1920 x 1080 பிக்சல் திரையில் அந்த அகலம் முழுதாக அடங்க வேண்டுமானால் படத்துக்கு ஏறக்குறைய 800 வரிகள்தான் கிடைக்கும், மிச்சம் கறுப்பு. ரிமோட்டில் ஜூம் போட்டால் பட்டை போய்விடும். கூடவே இரண்டு ஓரங்களிலுமாகப் படத்தில் கால் பங்கும் போய்விடும். அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

அப்படியானால் இதற்கு என்ன சொல்வீர்கள்? பழைய வீடியோ கேசட்டில் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் தெரிந்த பகுதி ப்ளூரேயில் இல்லை. வெட்டியது யார்?

வெட்டியது படம் எடுத்தவர்களேதான். திரையரங்கில் முதல் நாளே அது வெட்டப்பட்டுத்தான் ஓடியிருக்கும். சாதாரண லென்ஸில் எடுக்கும் 35 மிமீ பிலிமில் பெரும்பாலும் பழைய டிவியின் வடிவமான 4:3-க்கு, அதாவது 1.33-க்குப் பக்கமான பரப்பு பதிவாகும். ஒளிப்பதிவாளர் அதன் நடுப்பகுதியை மட்டும் மனதில் வைத்து ஃப்ரேம் வைப்பார். புரொஜக்டரில் மேலும் கீழும் மறைத்து 1.85 ஆக்கிவிடுவார்கள். கேசட் போட்டவர்கள் பழைய டிவியை நிரப்புவதற்காக அந்த மறைப்பை எடுத்துவிட்டார்கள். ஓபன் மேட் என்பது இதுதான்.

கூடுதலாகத் தெரிவது லாபம்தானே என்று தோன்றும். டிம் பர்ட்டனின் 'பீ-வீஸ் பிக் அட்வென்ச்சர்' (1985) படத்தில் நாயகன் சைக்கிள் பெட்டியிலிருந்து சங்கிலியை உருவுவான், அது முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். சிரிப்பே அதில்தான். மறைப்பை நீக்கிய கேசட்டில், பெட்டிக்கு அடியிலிருந்து சங்கிலி ஏறி வருவது அப்பட்டமாகத் தெரிந்தது. தொலைந்தது நகைச்சுவை!

சாதாரண லென்ஸில் எடுத்து, பிறகு நடுப்பகுதியை மட்டும் ஸ்கோப் அளவுக்கு வெட்டிக்கொள்வது சூப்பர் 35 முறை. அதில் எடுத்த படங்களில் குழப்பம் இன்னும் கூடுதல். அவற்றின் கிராஃபிக்ஸ் காட்சிகளைச் செலவு கருதி அகலத்திரை அளவுக்கு மட்டுமே செய்வது வழக்கம். அதனால் ஒரே கேசட்டில் பேசும் காட்சிகளில் மேலும் கீழும் கூடுதலாகத் தெரியும், விண்கலம் பறக்கும் காட்சியில் இடமும் வலமும் வெட்டுப்படும். அகலக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிலிமில் பதியும் அனமார்ஃபிக் லென்ஸில் எடுத்த ஸ்கோப் படங்களுக்கு இந்த உபரியும் கிடையாது. பேன் அண்ட் ஸ்கேன் செய்து, அதாவது காட்சிக்குக் காட்சி ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து 4:3-க்குள் திணித்தபோது 40 சதவீதத்துக்கு மேல் பறிபோனது. இரு ஓரங்களில் நின்று பேசும் இருவரில் ஒருவர் காணாமலே போனார்.

ஒரே படம் இரண்டு டிஸ்க்கில் இரண்டு அளவில் வந்திருக்கிறது. எது அசல்?

திரையரங்கில் ஓடிய அளவைத்தான் முதலில் பார்ப்பேன். ஒளிப்பதிவாளரே கைவைத்தாலும் என் கட்சி அதுதான். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தை வீட்டு வெளியீட்டுக்காக 2.00-க்குக் குறுக்கியவர் அதன் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோ. எல்லாப் படங்களுக்கும் அந்த ஒரே விகிதம் போதும் என்பது அவர் கொள்கை. 2010 ப்ளூரேயில் 2.35 திரும்பி வந்தபோது எனக்கு நிம்மதி. ஆனால் எல்லா வழக்கும் இப்படித் தீராது. 1953-இல் சினிமாஸ்கோப் வந்ததை ஒட்டிய ஆண்டுகளில் ஒரே படம் அரங்குக்கு அரங்கு வெவ்வேறு அளவில் ஓடியது. 1954-இல் வந்த 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' படத்தை கிரைட்டீரியன் நிறுவனம் 1.66, 1.85, 1.33 என மூன்று விகிதங்களிலும் சேர்த்தே வெளியிட்டது. நேர்மையான தீர்வு.

1.85 படத்தை 1.78 ஆக்கித் திரையை நிரப்பியிருந்தால் பொருட்படுத்தாதீர்கள். மிக மெல்லிய கீற்றுதான் வித்தியாசம்.

'தி டார்க் நைட்' ப்ளூரேயில் நடுநடுவே பட்டை மறைந்து படம் பெரிதாகிறதே?

மிகப் பெரிய பிலிமில் உயரமான படமாகப் பதியும் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் அவை. ப்ளூரேயில் அவை மட்டும் 1.78-ஆக விரியும், டிவிடியில் படம் முழுக்க 2.40-தான். டிவியில் பார்ப்பவர்களுக்கு விருந்து. ஸ்கோப் அளவுத் திரையில் புரொஜக்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் தலைவலி: அந்தக் காட்சிகள் திரையைத் தாண்டிச் சுவரில் வழியும்.

பழைய டிவிடி ஒன்றில் நான்கு பக்கமும் பட்டை, படம் நடுவில் தபால் தலை மாதிரி!

அது அனமார்ஃபிக் அல்லாத டிவிடி, அதாவது அகலத்திரை டிவிக்கென்று படத்தை நெருக்கிப் பதியாதது. 4:3 டிவியை நினைத்து மேல், கீழ்ப் பட்டைகளைப் படத்தோடு சேர்த்தே பதிந்துவிட்டார்கள். பக்கப் பட்டைகள் உங்கள் டிவி போடுவது. 480 வரிகளில் 2.35 படத்துக்கு 270 சொச்சம்தான் மிஞ்சியிருக்கும். தொடாதீர்கள் என்றேனே, அந்த ஜூம் பட்டனை இதற்கு மட்டும் தாராளமாக அழுத்தலாம். படத்தில் எதுவும் போகாது, கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.