குளிர் தாங்கும் செர்ரி கல்லடியில் பூக்குமா?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கனடாவில் தம்பி வீட்டு முற்றத்தில் பூச்செர்ரி நிற்கிறது. உறைபனியையே தாங்குமாம். நம் வளவில் தண்ணீர் ஊற்றிக் கவனித்தால் வராதா? லொறியில் செடி விற்பவர் 'சகுரா' கன்று வைத்திருக்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். சகுரா என்பது பூச்செர்ரியின் ஜப்பானியப் பெயர். கல்லடியில் அது பூக்காது.

பனியைத் தாங்குகிற மரம் வெயிலைத் தாங்காதா என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த மரம் குளிரைத் தாங்குவது மட்டுமில்லை, குளிர் இல்லாமல் அதற்கு முடியாது. கோடையிலேயே அடுத்த வருட மொட்டைக் கட்டிவிட்டு, இலையுதிர்த்துத் தூங்கும். சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணித்தியாலம் கழிந்தால்தான் மொட்டு விழிக்கும். மட்டக்களப்பில் மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அடியில் ஐஸ் கட்டி போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். குளிரை உணர வேண்டியது கிளையில் உள்ள மொட்டு, வேர் அல்ல.

சரி, அந்த லொறிக் கன்று. ஒரு இலையைப் பறித்துக் காம்பைப் பாருங்கள். செர்ரியென்றால் காம்பு இலையோடு சேரும் இடத்தில் கடுகைவிடச் சிறிதாக இரண்டு குமிழ் இருக்கும். குமிழ் இல்லாமல், இலை மெத்தென்று மயிர் படர்ந்து விரலில் லேசாக ஒட்டினால் அது ஜாம் மரம், சின்னச் சிவப்புப் பழம் காய்க்கிற வேறு மரம். என்னிடம் கொண்டுவந்து காட்டிய 'சகுரா' எல்லாம் இதுவரை ஜாம் மரம்தான். இணையத்தில் விதை விற்பவர்கள் இன்னும் மோசம். அடுக்குப்பூவுக்குப் பேர்போன கன்சான் இனத்தை ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள், விதையில் அது கிடைக்காது. நீலப்பூச் சகுரா என்று ஒன்று உலகிலேயே இல்லை.

பயணப் பெட்டியில் கன்று கொண்டுவரும்படி தம்பியிடம் சொல்லவும் வேண்டாம். இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். நியாயமான சட்டம்தான், வெளிநோய் வந்தால் நம் மாமரமும் போகும். ஆனால் ஒரு கன்றுக்கு இத்தனை காகிதம் கேட்கிற நாட்டில், பெயர்ச்சீட்டே இல்லாமல் தெருத்தெருவாகப் பொய்ப்பெயரில் விற்பவரை மறித்துக் கேட்க ஒருவரும் இல்லை. நாலு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வாங்கியவருக்கு ஏமாந்தது தெரிகிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

நுவரெலியாவில் காணி இருந்தால் பேச்சு வேறு. அங்கே பீச்சும் பிளம்ஸும் காய்க்கின்றன, தை மாசியில் புல்லில் உறைபனி படியும். அங்கேயும் கனடா இனம் வேண்டாம், குறைந்த குளிரோடு பூக்கிற இமயமலைக் காட்டுச் செர்ரியைத் தேடுங்கள். மலைநாடு என்றதும் பதுளையில் மாமி வீடு இருக்கிறதே என்று கேட்பார்கள். பதுளை 700 மீற்றர்கூட உயரமில்லை, நுவரெலியா 1,800க்கு மேல். பதுளைக் குளிர் நமக்குப் போர்வை கேட்கும், மொட்டுக்குப் போதாது.

உங்களுக்கு வேண்டியது இலையில்லாத கிளை நிறைய இளஞ்சிவப்புப் பூ என்றால் ரொபரோசியா வையுங்கள். வறட்சியில் இலை கொட்டிப் பூக்கிற மரம் அது. பெரிதாக வளரும், வீட்டுக்கும் கிணற்றுக்கும் 20 அடி தள்ளி, கடற்காற்று நேரே அடிக்காத பக்கமாக நடுங்கள். மணல் நிலம் என்பதால் இரண்டடிக் குழியில் மக்கிய மாட்டெரு நிறையப் போடுங்கள். ஐப்பசி மழையோடு வைத்தால் வறண்ட கச்சான் காற்று தொடங்குமுன் வேர் பிடித்துவிடும். அவ்வளவு இடம் இல்லையா? வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவை மார்கழியில் வெட்டாமல் விட்டுப் பாருங்கள், மாசியில் கிளை முழுக்க இளஞ்சிவப்பாக நிற்கும்.