துக்க வீட்டில் ஸ்டார் கட்டலாமா?

வாசகர் கேள்வி–பதில்: கிறிஸ்துமஸ் சிறப்பு

செப்டம்பரில் என் கணவர் இறந்துவிட்டார். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஸ்டார் கட்ட வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். "ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டில் ஸ்டாரும் கிடையாது, பலகாரமும் கிடையாது" என்கிறார் மாமியார். நான் யார் பக்கம் நிற்பது?
– வாசகி, நாகர்கோவில்

ஒரு வருடம் பண்டிகை கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையும் சொல்லவில்லை, சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையும் சொல்லவில்லை. அது ஊர் வழக்கம். வழக்கம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. உங்களுக்குக் கணவர் என்றால் அவருக்கு மகன்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். 24-ஆம் தேதி பேசினால் சண்டையில்தான் முடியும். அவர் அஞ்சுவது பெரும்பாலும் ஊர் பார்வைக்குத்தான்: வாசலில் சீரியல் லைட், ஸ்பீக்கர், தெருவுக்கெல்லாம் பலகாரத் தட்டு. இந்த வருடம் அவற்றை விட்டுக்கொடுங்கள். பதிலுக்கு ஒரே ஒரு காகித ஸ்டாரைக் கேளுங்கள். வாசலில் வேண்டாம் என்றால் பிள்ளைகள் படுக்கும் அறை ஜன்னலில் தொங்கட்டும். குடிலும் புதுத்துணியும் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். மாமியாரையும் புதுச்சேலை கட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கணவர் வழக்கமாகச் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஏணியில் ஏறி ஸ்டார் கட்டுவது, கேக் வாங்குவது, கறிக்கடையில் நிற்பது. ஒவ்வொன்றையும் யார் செய்வது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அந்த வேலை வந்து நிற்கும் நேரத்தில்தான் எல்லோரும் உடைந்துபோவார்கள்.

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றாமல் உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவருவது நல்ல ஏற்பாடு. சொல்லாமல் விட்டால் ஐந்து வீட்டிலிருந்தும் முறுக்குதான் வரும், காரல் எடுத்து வீணாகும். ஒருவர் முந்திரிக்கொத்து, ஒருவர் அச்சுமுறுக்கு, ஆளுக்கு அரைக் கிலோ என்று சொல்லிவிடலாம்.

வீடு வீடாகப் பாட வரும் கேரல் குழு விஷயத்தில் இரண்டு வகையாகத் தப்பு நடக்கும். கேட்காமலே உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள், அது தனியாக வலிக்கும். இல்லையென்றால் ராத்திரி பதினொரு மணிக்கு ட்ரம்ஸோடு வந்து நிற்பார்கள். குழுத் தலைவரிடம் முன்பே பேசுங்கள்: ஒன்பது மணிக்குள் வாருங்கள், ட்ரம்ஸ் வேண்டாம், ஒரு பாட்டு, அவர் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம். கிறிஸ்துமஸ் தாத்தா வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கட்டும்.

பிள்ளைகள் ஐந்து நிமிடம் அழுவார்கள், ஆறாவது நிமிடம் பலூனோடு ஓடுவார்கள். குழந்தைகளின் துக்கம் அப்படித்தான் விட்டுவிட்டு வரும். "அப்பா இல்லாத வருஷம் சிரிக்கிறியா?" என்று யாரும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "அப்பா தூங்குறாரு" என்றும் சொல்லாதீர்கள். சின்னவன் தூங்கவே பயப்படுவான். "இறந்துட்டாரு, இனி வரமாட்டாரு" என்பதையே அணைத்துக்கொண்டு சொல்லலாம்.

கல்லறைக்கு 24-ஆம் தேதி பிற்பகலில், வெளிச்சம் இருக்கும்போதே போய்வாருங்கள். அரை மணி நேரம் போதும். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, கண்ணாடி டம்ளருக்குள் வையுங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை அங்கே இழுத்துப்போக வேண்டாம்.

அக்டோபரில் அப்பாவை அடக்கம் செய்தோம். கிறிஸ்துமஸுக்குள் கல்லறை கட்டி முடித்துவிட வேண்டும் என்று அண்ணன் நிற்கிறார். சரியா?
– வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். தோண்டி மூடிய மண் இறுகவில்லை, வடகிழக்குப் பருவமழையில் இன்னும் இறங்கும். அதன்மேல் காங்கிரீட் போட்டால் ஒரு பக்கம் சாயும், நடுவில் வெடிக்கும், பிறகு இடித்துத்தான் கட்ட வேண்டும். ஆறு மாதமாவது பொறுத்து, ஆண்டு நினைவுக்குள் கட்டுங்கள். இப்போதைக்குப் பள்ளம் விழுந்த இடத்தில் மண் போட்டு மேடாக்கி, சுற்றிலும் சிமெண்ட் இல்லாமல் ஒரு வரிசை செங்கல் அடுக்கி, மரச் சிலுவைக்குப் பெயிண்ட் அடித்தால் போதும்.

2004 சுனாமியில் மகளைப் பறிகொடுத்தோம். 25-ஆம் தேதி கொண்டாடுவதும் மறுநாள் காலை கடற்கரையில் நிற்பதும் எங்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்த மருமகள்தான் எப்படி இருப்பது என்று தெரியாமல் தவிக்கிறாள்.
– வாசகி, நாகப்பட்டினம்

திருச்சபை நாட்காட்டியே அப்படித்தான், மகிழ்ச்சிக்கு மறுநாளே துக்கம். 25-இல் வெள்ளை அணியும் குருவானவர், வார நாளானால் 26-இல் இரத்தத்தைக் குறிக்கும் சிவப்பு அணிவார். கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள் அது. 28-ஆம் தேதி ஏரோது அரசன் கொன்ற குழந்தைகளுக்கு. 2004-இல் 26 ஞாயிறாக வந்ததால் ஸ்தேவான் நாளுக்குப் பதில் அன்று திருக்குடும்பத் திருவிழா.

மருமகளுக்குத் தேவை விவரம். டிசம்பர் பிறக்கும்போதே மகளின் போட்டோவைக் காட்டி, பெயர், வயது, அவள் செய்த சேட்டைகள் எல்லாம் சொல்லுங்கள். கடற்கரையில்தான் முதன்முதலாகக் கேட்கிறாள் என்று ஆகிவிடக் கூடாது. 25 மாலை பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும், பூ யார் வாங்குவது, அலை வந்த ஒன்பது மணி வாக்கில் அங்கே இருக்க எப்போது கிளம்புவது என்று தெரிந்தால் பாதித் தவிப்பு போய்விடும். அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள், பூத் தொடுக்கட்டும். திரும்பி வந்து முந்தைய நாள் பிரியாணியைச் சாப்பிடுவதில் தவறில்லை, இரவே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால்.

கிறிஸ்துமஸ் அன்று இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

ஒப்புக்கொடுக்கலாம். அன்று ஒரு குரு மூன்று திருப்பலி வரை நிறைவேற்றலாம். ஆனாலும் கேட்பவர்கள் அதிகம், டிசம்பர் தொடக்கத்திலேயே பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். அடக்கத் திருப்பலி மட்டும் 25-ஆம் தேதி கிடையாது. அன்றே புதைக்க வேண்டியிருந்தால் ஜெபங்களோடு அடக்கம் செய்துவிட்டு, திருப்பலியை வேறொரு நாளில் வைப்பார்கள்.