பார்வோ கிட்டில் ஒரே கோடு: நம்பலாமா?

கேள்வி: எங்கள் மூன்று மாத நாய்க்குட்டிக்கு இரண்டு நாள்களாக வயிற்றுப்போக்கு, நேற்றிலிருந்து சாப்பிடவும் இல்லை. தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டிருக்கிறோம். பார்வோ என்பது நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய் என்றார்கள்; அதற்காக இணையத்தில் வாங்கிய மலச் சோதனைக் கிட்டில் சோதித்தபோது ஒரே ஒரு கோடுதான் விழுந்தது. நோய் இல்லை என்று நம்பலாமா? பல வைரஸ்களின் மரபணுவை ஆய்வகத்தில் சேர்த்துத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பது பயன் தருமா?

பதில்: நம்ப வேண்டாம். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டி சாப்பாட்டையும் மறுக்கிறது என்றால், கிட் என்ன சொன்னாலும் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அந்தக் கோடு 'சி' (C) என்ற எழுத்துக்கு நேராக விழுந்ததா, வைரஸைக் காட்டும் 'டி' (T) என்ற எழுத்துக்கு நேராகவா என்று பாருங்கள். 'சி'க்கு நேரே கோடு இல்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது. 'சி' மட்டும் தெரிந்தால், கிட் வேலை செய்தது, ஆனால் அந்த மாதிரியில் வைரஸின் புரதம் அகப்படவில்லை என்பது மட்டுமே பொருள். பார்வோ வைரஸ் தொற்றிய மூன்று நான்கு நாள்களில் மலத்தில் வெளியேறத் தொடங்கி, நோய் கடுமையாக இருக்கும் நாள்களில் மிகுதியாகி, பிறகு குறைந்துவிடும். குடலில் சுரக்கும் எதிர்ப்புப் புரதங்கள் வைரஸைப் போர்த்திக்கொண்டாலும், மலம் வெறும் நீராகப் போய்ச் செறிவு குறைந்தாலும், நோய் இருந்தும் 'டி' கோடு விழாமல் போகலாம். ஆகவே இரண்டு கோடுகள் விழுந்தால் பெரும்பாலும் நம்பலாம், ஒரு கோட்டை அப்படி நம்ப முடியாது. தடுப்பூசி போட்ட சில நாள்களுக்குள் மங்கலான இரண்டாவது கோடு தெரிவதும் உண்டு. ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாங்கிய பொருளையும் ஒருமுறை பாருங்கள். இத்தகைய கிட்டுகள் பலவற்றை 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்து வந்த பார்சலை நம்ப முடியாது. காலாவதித் தேதி கடந்திருந்தாலோ, உறை முன்பே பிரிந்து ஈரம் புகுந்திருந்தாலோ, துண்டுத்தாளில் சொன்ன நேரத்தைத் தாண்டிப் பார்த்திருந்தாலோ அந்த முடிவை ஒதுக்கிவிடுங்கள்.

பி.சி.ஆர். மிக நுண்ணிய அளவு வைரஸையும் காட்டிவிடும். அதுவே அதன் சிக்கலும்கூட: தடுப்பூசியில் உள்ள வைரஸும் அதில் தெரியலாம், நாய்களின் குடல் கொரோனா வைரஸ் நலமாக இருக்கும் நாய்களின் மலத்திலும் காணப்படுவதால், பட்டியலில் அதன் பெயர் வந்தது என்பதற்காகவே வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முடிவு வரும்வரை சிகிச்சையும் காத்திருக்காது. நீரிழப்பை ஈடுகட்டுவதும் வாந்தியை நிறுத்துவதும்தான் முதல் வேலை. என்னைக் கேட்டால், முதல் செலவு இரத்த வெள்ளணு எண்ணிக்கைக்கும், புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஆகியவற்றைத் தேடும் மலப் பரிசோதனைக்கும் போகட்டும். பார்வோவில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் சரிந்துவிடும். கிட் இல்லை என்று சொல்லியும் மருத்துவரின் சந்தேகம் தீராதபோதும், வீட்டில் வேறு நாய்கள் இருக்கும்போதும் பி.சி.ஆருக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல.

புறப்படும் முன் புதிய மலத்தைச் சிறிது மூடியுள்ள குப்பியில் எடுத்துக்கொண்டு, பார்வோ சந்தேகம் என்பதை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் கூடத்தின் தரையில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். இந்த வைரஸ் சானிடைசருக்குச் சாகாது. வீட்டுத் தரையைக் கழுவித் துடைத்த பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு நீர் என்ற அளவில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும்.